குழந்தைகளின் தடைசார் தூக்க மூச்சின்மை

குழந்தைகளின் தடைசார் தூக்க மூச்சின்மை என்பது, உறங்கும்போது மேல் மூச்சுவழி பகுதியாகவோ முழுமையாகவோ மீண்டும் மீண்டும் அடைபடுவதால் ஏற்படும் நோய் ஆகும். இதனால் குருதியில் ஆக்சிசன் அளவு குறைவதுடன் உறக்கமும் அடிக்கடி கலைகிறது. குழந்தைகளுள் ஏறத்தாழ 1 முதல் 5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவதால், இது பல வீடுகளில் கவனிக்கப்படாமல் போகிறது.

வரலாறு

வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடும் குழந்தைகள் படிப்பில் பின்தங்குவதைப் பிரித்தானிய மருத்துவர் வில்லியம் ஹில் 1889 இல் சுட்டிக்காட்டினார். 1976 இல் கிறித்தியான் கில்லெமினோ குழுவினர் எட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து இந்நோயை விவரித்தனர்.

காரணங்கள்

தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதைகளும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் பருத்திருப்பதே முதன்மைக் காரணம். மூச்சுவழியின் அளவை நோக்க இச்சதைகள் 2 முதல் 8 வயது வரை பெரிதாக இருக்கும். உடற்பருமன், ஒவ்வாமை மூக்கழற்சி, டவுன் கூட்டறிகுறி, சிறிய தாடை ஆகியனவும் காரணங்களாகும்.

அறிகுறிகள்

* வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை
* மூச்சு நின்று, பின் திணறலுடன் தொடங்குதல்
* வாயால் மூச்சுவிடுதல், மிகுதியாக வியர்த்தல்
* படுக்கையில் சிறுநீர் கழித்தல்
* பகலில் கவனக்குறைவு, எரிச்சல்

பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவர். குழந்தைகளோ பெரும்பாலும் அளவுமீறிய துறுதுறுப்புடன் காணப்படுவர். எனவே இது குறும்பு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. சிகிச்சை பெறாவிடில் வளர்ச்சிக் குறைவும், இதயம், நுரையீரல் ஆகியவற்றில் பாதிப்பும் ஏற்படலாம்.

கண்டறிதல்

இரவு முழுதும் மூளை அலைகள், மூச்சோட்டம், ஆக்சிசன் அளவு ஆகியவற்றைப் பதியும் தூக்க ஆய்வே உறுதியான சோதனை ஆகும். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து மூச்சுத் தடைகள் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. குழந்தைகளுக்கோ ஒன்றுக்கு மேற்பட்டாலே இயல்பன்று. டான்சில் பெரிதாக இருப்பதை மட்டும் கொண்டு நோயின் கடுமையைக் கணிக்க இயலாது.

சிகிச்சை

டான்சில், அடினாய்டு சதைகளை அறுவை மூலம் அகற்றுவதே முதற்சிகிச்சை ஆகும். 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஏழு மாதங்களில், அறுவை செய்யப்பட்டோருள் 79 விழுக்காட்டினருக்கும், காத்திருந்து கவனிக்கப்பட்டோருள் 46 விழுக்காட்டினருக்கும் தூக்க ஆய்வு முடிவுகள் இயல்பாயின. ஆகவே, கடுமையற்ற நிலையில் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருப்பதும் ஏற்கத்தக்கதே. மூக்கில் தெளிக்கும் இசுட்டீராய்டு மருந்து இலேசான நோய்க்கு உதவும். அறுவைக்குப் பின்னும் நோய் நீடித்தால் முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவி பயன்படுத்தப்படுகிறது. அறுவைக்குப்பின் வலிநீக்கியாகக் கோடீன் கொடுத்தல் ஆகாது. அது மூச்சை ஒடுக்கக்கூடும்.

தமிழ்நாட்டில்

தூக்க ஆய்வகங்கள் பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரங்களிலேயே உள்ளன. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் போன்ற சிற்றூர்களில் பெற்றோரின் கவனிப்பே முதற்படியாகிறது. குழந்தை உறங்குவதைக் கைப்பேசியில் சில நிமிடங்கள் படம்பிடித்துக் காட்டுவது, காது மூக்கு தொண்டை மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அங்கன்வாடி, அரசுப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் 30 குறைபாடுகள் கொண்ட முதற்பட்டியலில் இந்நோய் இடம்பெறவில்லை. எனினும், இந்நோய்க்கு வாய்ப்பு மிகுந்த டவுன் கூட்டறிகுறி அதில் உள்ளது. அக்குறிகொண்ட குழந்தைகளுக்குக் குறட்டை இல்லாவிடினும் நான்கு வயதுக்குள் தூக்க ஆய்வு செய்ய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது.