செவிப்புலனற்றோர் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும்

செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுங் கலை பதினெட்டாம் நூற்றாண்டிலே இருவேறு வகையாகப் பேணப்பட்டது. பிரித்தானியாவிற் பிரெயிட்வுட் குடும்பத்தார் அதனைக் குலத்தொழில் போல மறைத்துக் காத்தனர். பாரிசு மாநகரிலே குருவானவர் தெ லெப்பே, சைகை வழியாகத் தாம் நடாத்திய வகுப்புக்களை யாவருங் காணத் திறந்துவைத்தார். பிறநாட்டாரையும் ஆசிரியராகப் பயிற்றினார்.

1815இல் இக்கலையைக் கற்கவென அமெரிக்காவினின்றும் புறப்பட்ட கலடெற், பிரித்தானியாவில் வழி அடைபட்டமையாற் பாரிசை நாடினார். ஆங்குப் பயின்று மீள்கையில், அப்பள்ளியிற் கற்று அங்கேயே ஆசிரியராக விளங்கிய லோரன் கிளேர்க்கை உடனழைத்துச் சென்றார். கிளேர்க்கும் செவிப்புலனற்றவரே. 1817இல் ஹாட்ஃபோட் நகரிற் பள்ளி தோன்றியது. கற்றவரே கற்பிப்போராகும் நெறி இவ்வாறு கடல் கடந்தது.

1880இல் மிலான் நகரிற் கூடிய மாநாடு அந்நெறிக்கு இடையூறாயிற்று. வாய்மொழிப் பயிற்சியே சிறந்ததென அது தீர்மானித்தது. தீர்மானித்தோருள் ஏறக்குறைய எல்லாருஞ் செவிப்புலனுடையோரே. அதன்பின் ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றிற் சைகைமொழி விலக்கப்பட்டது. பேச்சுப் பயிற்சியளிக்க இயலாதாரெனக் கருதப்பட்டுச் செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் தொழிலிழந்தனர். 2010இல் வன்கூவர் மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தந் தெரிவித்தது. எனினும், இடைப்பட்ட 130 ஆண்டுகள் மீளா.

கற்பித்தற்குரியார் யாவரென வகுக்கப் புகுவோர், கற்போர் கருத்தையும் வினவுதல் வேண்டுமென்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.