எம்பிஏ: முழுநேரமா, வார இறுதியா, ஆன்லைனா? பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

கையில் ஒரு வேலை, நாலைந்து வருட அனுபவம், 'அடுத்து ஒரு எம்பிஏ பண்ணிடலாமா?' என்ற யோசனை. உங்கள் நிலைமை இதுதான் என்றால், எந்தக் கல்லூரி என்று தேடும் முன் எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள். எல்லா வகையும் ஒரே ஊரில் கிடைக்கும் ஹைதராபாத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

என்னென்ன வடிவங்கள் உள்ளன?

முழுநேரம்: மத்தியப் பல்கலைக்கழகமான ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு எம்பிஏ. கச்சிபௌலியில் 2001-ல் தொடங்கிய ஐஎஸ்பி-யில் 1 ஆண்டு பிஜிபி.

வேலையோடு: உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மாலை நேர எம்பிஏ. ஐஎஸ்பி-யின் வார இறுதிப் படிப்பான பிஜிபி புரோ.

தொலைநிலை: நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக 1982-ல் தொடங்கப்பட்ட, இன்றைய டாக்டர் அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

உண்மையான செலவு எவ்வளவு?

கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. வேலையை விட்டால் நின்றுபோகும் சம்பளமும் செலவுதான். மாதம் 80,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால், 1 ஆண்டுப் படிப்பில் இழப்பது 9.6 லட்சம், 2 ஆண்டில் 19.2 லட்சம். வேலையோடு படித்தால் இந்தப் பணம் மிச்சம். ஆனால் இன்டர்ன்ஷிப், வளாக நேர்காணல் போன்ற வாய்ப்புகள் பெரும்பாலும் முழுநேர மாணவர்களுக்குத்தான்.

பட்டமா, சான்றிதழா?

1956-ம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் தர முடியும். ஐஐஎம்-களுக்கே அந்த அதிகாரம் 2017-ம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது, அதுவரை டிப்ளமோதான். ஐஎஸ்பி-யின் பிஜிபி எம்பிஏ பட்டம் அல்ல. தனியார் வேலைச் சந்தையில் அதன் மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் அரசு வேலை, பிஎச்டி என்று திட்டம் இருந்தால், அங்கே எது செல்லும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் எம்பிஏ செல்லுமா?

செல்லும். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தரும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்கின்றன யுஜிசி-யின் 2020 விதிமுறைகள். ஆனால் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அனுமதி இருக்க வேண்டும். யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். விளம்பரம் செய்வது எட்டெக் நிறுவனமாக இருந்தால், பட்டத்தில் யார் பெயர் இருக்கும் என்று கேளுங்கள். '10 நாள் எம்பிஏ' விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2024-ல் யுஜிசி-யே எச்சரித்தது.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

துறையே மாற வேண்டும் என்றால் முழுநேரம். இருக்கும் துறையிலேயே மேலே போக வேண்டும் என்றால் மாலை நேரம் அல்லது வார இறுதி. பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் மட்டும் போதும் என்றால், அனுமதி உள்ள தொலைநிலை அல்லது ஆன்லைன். இந்த மூன்றில் உங்கள் தேவை எது என்று தெளிவாகும் வரை முன்பணம் கட்டாதீர்கள்.