எண் யாருக்குச் சொந்தம்?
கார் பந்தயத்தில் எண் வெறும் அடையாளக்குறி என்றே நினைத்திருந்தேன். அது யாருக்குச் சொந்தம்ங்கிறதில்தான் அரசியல் இருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் முன்பு ஒவ்வொரு பந்தயத்தையும் நடத்துகிறவர்களே எண் தந்தார்கள். 1974இலிருந்து எண் அணியின் சொத்து. சாம்பியன் ஓட்டுநர் உள்ள அணிக்கு 1. பட்டம் கைமாறினால் பழைய அணியும் புதிய அணியும் எண்களை மாற்றிக்கொள்ளும். 1981இல் ஃபெராரிக்கு 27 வந்தது இப்படித்தான். அந்த எண்ணில் ஓட்டிய ஜில் வில்நெவ் 1982 மே 8இல், பெல்ஜியத்தின் ஸோல்டரில், தகுதிச்சுற்றில் இறந்தார். இரண்டு மாதத்துக்குள் அதே 27இல் பத்ரிக் தம்பே. ஆகஸ்டில் ஹாக்கன்ஹைமில் ஜெயிக்கவும் செய்தார். ஆலையில் டோக்கன் நம்பர் மாதிரிதான், ஆள் போனா அடுத்த ஆள். ரசிகர்களோ 27ஐ வில்நெவ் என்றே வாசித்தார்கள். ஓட்டுநரே தன் எண்ணைத் தேர்ந்துகொள்ளலாம் என்றானது 2014இல்தான். அந்த ஆண்டு ஸுஸுகாவில் விபத்துக்குள்ளான ஜூல் பியாங்கி 2015இல் இறந்தபோது, அவருடைய 17ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தார்கள்.