உருவப்படத்தில் உருச்சிதைவு

ஒருவரின் முகத்தை உள்ளது உள்ளபடி தீட்டாமல் கண், வாய், கன்னம் ஆகியவற்றை நீட்டியும் உடைத்தும் இடம் மாற்றியும் வரைவதை நவீன ஓவியத்தில் உருச்சிதைவு என்பர். முகமே தெரியாதபடி கரைந்துவிட்டால் அது அரூப ஓவியம். பல படங்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன.

சாயல் பிடிப்பதே உருவப்படத்தின் வேலை என்ற எண்ணம் மிகப் பழையது. புதுச்சேரி வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மணிக்கல்லில் செதுக்கியிருந்த தலையை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் கருதியது சாயலை வைத்துத்தான். ஒளிப்படம் வந்தபின் அந்த வேலை ஓவியரின் கையை விட்டுப் போயிற்று.

பிக்காசோவின் ‘அழும் பெண்’ (1937) முகம் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். வாயைச் சுற்றி மட்டும் வெள்ளையும் நீலமுமான சில்லுகள். விரல் எது, பல் எது, கைக்குட்டை எது என்று பிரிக்க வராது. அழுகை அங்கேதான் இருக்கிறது, கண்ணீர்த் துளியில் அல்ல. தலையிலோ பூ வைத்த சிவப்புத் தொப்பி! கோவாவில் பிறந்த எஃப். என். சூசா (1924–2002) கண்களை நெற்றிக்கே ஏற்றிவிடுவார். அவருடைய ‘மிஸ்டர் செபாஸ்டியன்’ (1955) கோட்டு அணிந்த கனவான்; முகத்திலும் கழுத்திலும் அம்புகள்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர் துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம் (1938–2008). ஜூனியர் விகடனில் வந்த கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் படம் வரைந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் காந்தியைத் தொடர்ந்து கோட்டோவியமாக வரைந்தார், மன்னர்களையும் வரைந்தார். காந்திக்குச் சில கோடுகளே போதுமாயிருக்கின்றன, மீதி வெற்றுத்தாள். மன்னர்களிலோ கோடுமேல் கோடு விழுந்து உடையும் அணிகலனும் ஆளையே விழுங்கிவிடுகின்றன. மதிப்பும் எள்ளலும் ஒரே மையில் பிறந்தவை. எது மதிப்பு, எது எள்ளல் என்று முகபாவம் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது.

நீலம் என்றால் சோகம், கோணல் வாய் என்றால் கோபம் என்று சாமுத்திரிகா லட்சணம் போலப் பலன் சொல்வது பரவலான பழக்கம். ஓவியரின் சொந்தத் துயரத்தைத் தேடுவது இன்னொன்று. இரண்டும் படத்தைப் பார்க்காமலிருக்க வழிகள். எது சிதைந்தது, எது சிதையாமல் விடப்பட்டது என்று பார்ப்பதே பயன் தரும்.

ஆதிமூலம் பின்னாளில் உருவங்களை விட்டு, வண்ணப் பரப்புகளால் ஆன அரூப ஓவியங்களுக்கு மாறினார்.