நீலாங்கரையில் காத்திருக்கும் தாய் இறால்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுச் சரக்குகளில் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளும் உண்டு. உள்ளே வனாமி என்ற இனத்தின் உயிருள்ள தாய் இறால்கள், அமெரிக்காவின் ஹவாய், ஃபுளோரிடா பகுதிகளிலிருந்து வருபவை. அவற்றை வாங்கியவர் நேரே தன் குஞ்சுப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போக முடியாது. நீலாங்கரையில் உள்ள அரசுத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் அவை காத்திருக்க வேண்டும். மாதிரி எடுத்துச் சோதித்து, நோய்க்கிருமி இல்லை என்று உறுதியான பிறகே மரக்காணம் போன்ற ஊர்களின் பொரிப்பகங்களுக்குப் போகும். 2009 முதல் இதுதான் நடைமுறை.

இறால் வளர்ப்பில் இப்படிக் கண்டிப்பு வருவதற்கு முன்னால் பலர் இழந்தது நிறைய.

1990களின் தொடக்கத்தில் டைகர் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தையில் நல்ல விலை. நாகப்பட்டினம் பக்கம் நெல் விளைந்த வயல்களை வெட்டிக் குளமாக்கினார்கள். மோட்டார் வைத்துக் கடல்நீரை இறைத்து நிரப்பினார்கள். அந்த உப்பு வரப்போடு நிற்கவில்லை. மண்ணுக்குள் இறங்கி, அடுத்தவர் வயலுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. குடத்தில் மொண்ட தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. மிஞ்சிய தீவனமும் கழிவும் வாய்க்காலில் கலந்தன. நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைத்த பெண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று; இறால் குளத்துக்குக் காவலாளும் தீவனம் போட நாலு பேரும் போதும்.

எதிர்த்து எழுந்தவர்கள் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தர உழைத்த தம்பதி. அந்த நிலங்களுக்குப் பக்கத்திலேயே உப்புக் குளங்கள் வந்தபோது உண்ணாவிரதம், சத்தியாகிரகம் என்று போராடினார்கள். 1994-இல் ஜெகந்நாதனின் மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏறத்தாழ அதே காலத்தில் இறால்களுக்கு வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளையே காலி செய்தது. 1995-இல் தமிழக அரசும் தனியாக ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது.

1996 டிசம்பர் 11-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிர மற்றவற்றை இடிக்க வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலி தர வேண்டும். மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும். ஆனால் மறுசீராய்வு மனுக்கள் வந்ததும் இடிப்பு நின்றுபோனது.

பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில். பதிவு கட்டாயம், உயர் அலை கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது, மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. விளைநிலத்தைக் குளமாக்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளும் சொல்லின. ஒருவகையில் இது சமரசம்தான்: நீதிமன்றம் மூடச் சொன்ன தொழிலை, பதிவு என்ற வாசல் வழியே இச்சட்டம் மறுபடி உள்ளே விட்டது. 2023 திருத்தம் அந்தச் சிறைத் தண்டனையையும் எடுத்துவிட்டு அபராதமாக்கியது. கிணறு கெட்டுப்போன ஊருக்கு இது நல்ல சேதி இல்லை.

நீலாங்கரை இருக்கும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1997-இல் கொடுவா மீனை வளர்ப்புச் சூழலிலேயே குஞ்சு பொரிக்கவைத்தார்கள். இறாலை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அது இன்னொரு வழி.

கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தில் புதிதாகக் குளம் வெட்டினால் பதிவு எண்ணைக் கேளுங்கள். தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கடலோரப் பண்ணைகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது, அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.