கிராண்ட் கன்யன் குளிர்கால நடைப்பயணம்

கிராண்ட் கன்யன் குளிர்கால நடைப்பயணம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அமைந்துள்ள கிராண்ட் கன்யன் தேசியப் பூங்காவில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான காலத்தில் மேற்கொள்ளப்படும் ஒருநாள் நடைகளையும், முதுகுப்பையுடன் சென்று இரவு தங்கும் நடைகளையும் குறிக்கும். மலையேற்றத்தில் முதலில் ஏறிப் பின்னர் இறங்குவது வழக்கம். இப்பள்ளத்தாக்கில் இம்முறை தலைகீழாகும். நடப்போர் முதலில் எளிதாக இறங்கிவிடுகின்றனர். கடினமான ஏற்றமும் குளிர் மிகுந்த பகுதியும் பயணத்தின் இறுதியில், உடல் களைத்த நிலையில் வருகின்றன. குளிர்காலப் பயணத்தைத் திட்டமிடுவதில் முதலில் கருத வேண்டியது இதுவே.

புவியியல்

கிராண்ட் கன்யன், கொலராடோ ஆற்றினால் அரிக்கப்பட்ட ஏறத்தாழ 446 கி.மீ. நீளமும் சுமார் 1.6 கி.மீ. ஆழமும் கொண்ட பள்ளத்தாக்கு ஆகும். இது 1919ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுக் களங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீ. உயரத்தில் உள்ளது. நடைத்தடங்கள் ஆற்றைச் சென்றடையும் இடத்தின் உயரம் சுமார் 750 மீ. மட்டுமே. இறங்கிச் செல்பவர் விளிம்பில் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புக்கல்லில் தொடங்கி, அடியில் 170 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உருமாறிய பாறைகளை அடைகிறார். வடக்கு விளிம்பு இன்னும் உயரமானது. அங்கு செல்லும் சாலை குளிர்காலத்தில் பனியின் காரணமாக வாகனங்களுக்கு மூடப்படுவதால், குளிர்கால நடைகள் பெரும்பாலும் தெற்கு விளிம்பிலிருந்தே தொடங்குகின்றன.

காலநிலை

உயர வேறுபாட்டினால் ஒரே நாளில் இரு வேறு பருவங்களை இங்கு காணலாம். சராசரி வெப்பநிலைகள் பின்வருமாறு:

* தெற்கு விளிம்பு, சனவரி: பகலில் சுமார் 5° செல்சியஸ், இரவில் சுமார் -8° செல்சியஸ்
* ஆற்றங்கரை, சனவரி: பகலில் சுமார் 13° செல்சியஸ், இரவில் சுமார் 2° செல்சியஸ்
* ஆற்றங்கரை, சூலை: பகலில் சுமார் 41° செல்சியஸ்

கோடை வெப்பம் ஒவ்வோர் ஆண்டும் பலரை நோய்வாய்ப்படச் செய்கிறது, உயிரிழப்புகளும் நேர்கின்றன. எனவே, தகுந்த ஆயத்தத்துடன் செல்வோருக்குக் குளிர்காலம் நல்ல பருவம் எனலாம். கூட்டமும் குறைவாக இருக்கும்.

தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் பாறைச் சுவர் வடக்கு நோக்கியது. குளிர்காலத்தில் சூரியன் தென்வானில் தாழ்வாகச் செல்வதால், இச்சுவரின் மேற்பகுதி நாள் முழுவதும் நிழலில் இருக்கும். அங்கு விழும் பனி, நடப்போரின் காலடியிலும் கோவேறு கழுதைகளின் குளம்படியிலும் அழுந்தி வழுக்கும் உறைபனியாக மாறுகிறது. விளிம்பின் மேல் பனி உருகிய பின்னரும் தடத்தில் இது வாரக்கணக்கில் நீடிக்கலாம். எப்போதாவது, கனத்த குளிர்காற்று கீழே தங்கி, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைவதுண்டு. அப்போது பள்ளத்தாக்கு முழுவதும் மேகத்தால் நிரம்பிக் காணப்படும்.

முக்கிய தடங்கள்

பிரைட் ஏஞ்சல் தடம்: தெற்கு விளிம்பில் உள்ள கிராமப் பகுதியிலிருந்து ஒரு பாறைப்பிளவின் வழியே கொண்டை ஊசி வளைவுகளாக இறங்குகிறது. 2.4 கி.மீ., 4.8 கி.மீ. தொலைவுகளில் கல்லால் கட்டப்பட்ட ஓய்வுக்குடில்கள் உள்ளன. 7.2 கி.மீ. தொலைவில் ஹவசுப்பாய் கார்டன்ஸ் என்னும் மரங்கள் அடர்ந்த ஊற்றுப் பகுதியும், சுமார் 15 கி.மீ. தொலைவில் ஆற்றங்கரை முகாமும் அமைந்துள்ளன.

தெற்கு கைபாப் தடம்: யாக்கி முனைக்கு அருகில் தொடங்கி, மலைமுதுகின் வழியாகச் சுமார் 11 கி.மீ. தொலைவில் ஆற்றங்கரை முகாமை அடைகிறது. காட்சிகள் விரிந்தவை, வெயில் அதிகம் படும். எனினும் தொடக்கத்தில் உள்ள செங்குத்தான வளைவுகளில் உறைபனி இருக்கும். வழியில் குடிநீர் கிடையாது. ஆகவே இரவு தங்குவோர் பலர் இத்தடத்தில் இறங்கி, பிரைட் ஏஞ்சல் தடத்தில் ஏறுகின்றனர்.

வரலாறு

பிரைட் ஏஞ்சல் தடம் ஹவசுப்பாய் பழங்குடியினரின் பழைய வழியாகும். அவர்கள் ஊற்றுப் பகுதியில் பயிரிட்டு வந்தனர். 1890களில் ரால்ஃப் கேமரன் என்பவர் இவ்வழியைச் சீர்செய்து, பின்னர் ஒருவருக்கு 1 டாலர் வீதம் சுங்கம் வசூலித்தார். இதைத் தவிர்க்கவே பூங்கா நிர்வாகம் 1920களின் நடுப்பகுதியில் தெற்கு கைபாப் தடத்தை அமைத்தது. 1928இல் பிரைட் ஏஞ்சல் தடமும் பூங்காவின் வசமானது.

அதே 1928இல், ஊற்றுப் பகுதியில் வாழ்ந்த கடைசி ஹவசுப்பாய் குடியிருப்பாளர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அவ்வாண்டு முடிக்கப்பட்ட கைபாப் தொங்குபாலத்தின் முதன்மை வடங்களைத் தோளில் சுமந்து கீழே கொண்டு சென்றவர்களில் பெரும்பாலோர் ஹவசுப்பாய் ஆண்களே. 1975இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் மூலம் சுமார் 1,85,000 ஏக்கர் நிலம் இம்மக்களுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ‘இந்தியன் கார்டன்’ என வழங்கிய ஊற்றுப் பகுதி, இம்மக்களின் கோரிக்கையை ஏற்று 2022 நவம்பரில் ‘ஹவசுப்பாய் கார்டன்ஸ்’ எனப் பெயர் மாற்றப்பட்டது.

ஒருநாள் நடை

ஒருநாள் நடைக்குத் தனி அனுமதி தேவையில்லை. தெற்கு கைபாப் தடத்தில் 2.4 கி.மீ. தொலைவிலுள்ள சிடார் ரிட்ஜ் வரையோ, பிரைட் ஏஞ்சல் தடத்தின் ஓய்வுக்குடில்கள் வரையோ சென்று திரும்புவது குளிர்காலத்திற்கு ஏற்றது. இறங்கிய நேரத்தைப் போல் இரு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும். டிசம்பரில் பகல் பொழுது பத்து மணி நேரத்திற்கும் குறைவு. காலை 8 மணிக்குப் புறப்பட்டு 10 மணி வரை இறங்குபவர், மேலே வர மதியம் 2 மணி ஆகும். நண்பகல் வரை இறங்கினால் திரும்புவது இரவு 8 மணிக்கு. அப்போது உறைபனிப் பகுதியை இருட்டில் கடக்க நேரிடும். ஆறு வரை சென்று ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாம் எனப் பூங்கா நிர்வாகம் எல்லாப் பருவங்களிலும் எச்சரிக்கிறது.

இரவு தங்கும் நடை

விளிம்பிற்குக் கீழே கூடாரமிட்டுத் தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டும். முக்கிய முகாம்கள் ஒவ்வொன்றிலும் பொதுவாக இரண்டு இரவுகளே தங்கலாம். நவம்பர் 15 முதல் பெப்ரவரி இறுதி வரை இவ்வரம்பு நான்கு இரவுகளாகத் தளர்த்தப்படுகிறது. ஆற்றங்கரை முகாமிற்கு அருகில், மேரி கோல்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1922இல் திறக்கப்பட்ட பேண்டம் ராஞ்ச் விடுதி உள்ளது. முகாம்களில் விறகுத் தீ மூட்டுதல் தடை செய்யப்பட்டுள்ளது. சிறு எரிவாயு அடுப்பு பயன்படுத்தலாம். அணில்கள் பைகளைக் கடித்துத் திறப்பதால், உணவை அங்குள்ள உலோகப் பெட்டிகளில் வைக்க வேண்டும்.

ஆயத்தமும் எச்சரிக்கையும்

* காலணியின் மேல் மாட்டும் இரும்புப் பற்கள் மிகவும் தேவையானவை. கீழே பனியற்ற பாறை வந்தவுடன் இவற்றைக் கழற்றி, ஏறும்போது மீண்டும் அணிய வேண்டும்.
* நனைந்த பருத்தி ஆடை உடல் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்யும். கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகளை அடுக்கடுக்காக அணிவது நல்லது.
* ஏறும்போது வியர்வையும் நிற்கும்போது குளிரும் மாறி மாறி வரும். நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை உடல் வெப்பம் அளவுக்கு மீறிக் குறைவதன் அறிகுறிகள்.
* குளிரில் தாகம் தோன்றாவிட்டாலும் நீரும் உப்புள்ள உணவும் இன்றியமையாதவை. உறைதலைத் தடுக்க ஓய்வுக்குடில்களின் குழாய்நீர் குளிர்காலத்தில் நிறுத்தப்படுவது வழக்கம்.
* எதிரே கோவேறு கழுதைகள் வந்தால் தடத்தின் உட்புறமாக, சரிவின் விளிம்பிலிருந்து விலகி நின்று, ஓட்டுநர் கூறுவதைக் கேட்க வேண்டும்.
* புறப்படுமுன் தடத்தின் நிலையைப் பூங்கா அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். 2024–25 குளிர்காலத்தில், குடிநீர்க் குழாய்ப் பணிகளுக்காகப் பிரைட் ஏஞ்சல் தடத்தின் பகுதிகள் மூடப்பட்டிருந்தன.