நிக்கி லௌடா

நிக்கி லௌடா (பெப்ரவரி 22, 1949 - மே 20, 2019) ஆஸ்திரியாவைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுனர் ஆவார். இவரது முழுப்பெயர் ஆந்திரேயாஸ் நிக்கோலௌஸ் லௌடா. 1975, 1977, 1984 ஆகிய ஆண்டுகளில் பார்முலா 1 உலக வாகையாளர் பட்டத்தை வென்றார். முதலிரு பட்டங்களை பெராரி அணியிலும் மூன்றாவதை மெக்லாரன் அணியிலும் பெற்றார். 2024 ஆம் ஆண்டு வரை இவ்விரு அணிகளிலும் ஓட்டுனர் பட்டம் வென்றவர் இவர் ஒருவரே.

தொடக்க காலம்

லௌடா வியன்னாவில் செல்வந்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குடும்பத்தினர் பந்தயத்தை எதிர்த்தமையால் வங்கிக் கடன் பெற்றே அணிகளில் இடம் பிடித்தார். 1971 இல் மார்ச் அணியின் சார்பில் ஆஸ்திரிய கிராண்ட் பிரீயில் அறிமுகமானார். 1974 இல் பெராரியில் இணைந்து, அவ்வாண்டு எசுப்பானியாவில் முதல் வெற்றியைப் பெற்றார். 1975 இல் அவர் வென்ற பட்டம், 1964 இல் ஜான் சர்ட்டீஸ் வென்றதற்குப் பின்னர் பெராரி ஓட்டுனர் ஒருவர் பெற்ற முதல் பட்டமாகும்.

1976 விபத்து

ஆகஸ்ட் 1, 1976 இல் செருமனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த பந்தயத்தின்போது லௌடாவின் வாகனம் தடத்தை விட்டு விலகி மோதித் தீப்பற்றியது. ஏறத்தாழ 23 கி.மீ. நீளமுடைய அத்தடம் பாதுகாப்பற்றது என அவர் முன்னரே வலியுறுத்தியிருந்தார். ஆர்த்தூரோ மெர்சாரியோ உள்ளிட்ட சக ஓட்டுனர்கள் அவரை மீட்டனர். தலையிலும் முகத்திலும் கடும் தீக்காயங்கள் ஏற்பட்டன. நச்சுப்புகையால் நுரையீரலும் பாதிக்கப்பட்டது. எனினும் 42 நாட்களில், செப்டம்பர் 12 அன்று, இத்தாலியின் மொன்சா தடத்தில் மீண்டும் போட்டியிட்டு நான்காமிடம் பெற்றார். இடையில் இரண்டு பந்தயங்களை மட்டுமே தவறவிட்டார்.

அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் ஜப்பானின் பியூஜி தடத்தில் கடும் மழையில் நடந்தது. அச்சூழலில் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து எனக் கருதிய லௌடா, இரண்டு சுற்றுகளுக்குப் பின் தாமாகவே விலகினார். மூன்றாமிடம் பெற்ற பிரித்தானியரான ஜேம்ஸ் ஹண்ட், 69-68 என ஒரே புள்ளி வேறுபாட்டில் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே லௌடா அப்பட்டத்தை மீட்டார்.

ஓய்வும் மீள்வருகையும்

1979 இல் ஓய்வு பெற்று லௌடா ஏர் என்னும் வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கினார். 1982 இல் மெக்லாரன் அணியில் இணைந்து திரும்பிய அவர், தமது மூன்றாவது பந்தயத்திலேயே வென்றார். 1984 இல் சக அணி ஓட்டுனரான அலென் புரோஸ்ட் ஏழு பந்தயங்களிலும் லௌடா ஐந்திலும் வென்றனர். ஆயினும் லௌடா 72-71.5 என அரைப் புள்ளியில் பட்டம் பெற்றார். மழையால் இடைநிறுத்தப்பட்ட மொனாக்கோ பந்தயத்திற்குப் பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டமையால் இவ்வேறுபாடு உண்டானது. ஃபார்முலா 1 வரலாற்றில் மிகக் குறைந்த வேறுபாட்டில் வெல்லப்பட்ட பட்டம் இதுவாகும். 1985 இறுதியில் அவர் முற்றாக ஓய்வு பெற்றார்.

சாதனைகள்

* உலக வாகையாளர் பட்டங்கள்: 3
* வெற்றிகள்: 25
* தொடக்க வரிசையில் முதலிடம்: 24
* முதல் மூன்று இடங்களுக்குள் முடித்தவை: 54
* 1975 இல் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தை 7 நிமிடங்களுக்குள் சுற்றிய முதல் ஓட்டுனர்